எதிர்க்கோட்டோரம் ஆடியவர்

ஆகஸ்ட் 5, ஞாயிறு

மெரினா லெவன் 2, பிரெஞ்சுக்காரர்கள் 2.

இந்த நோட்டைக் கொடுத்தது கேப்டன் ஜோஸுகுட்டி. "சேச்சி, நீங்க எப்பவும் ஷெட்டுல சும்மா தானே இருக்கறது. ஸ்கோர் ஒண்ணு எழுதி வெச்சா போதும்" என்றார். முன்பக்கத்தில் ஸ்கோர் எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இது.

பெயர்தான் லெவன். ஆடுவது ஒன்பது பேர். நாற்பது வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டுக்காரர்களுக்காக சைகோனில் நடக்கும் லீக் இது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஞாயிறு காலை ஏழு மணிக்கே விசில் ஊதிவிடுகிறார்கள். நம் அணியில் நான்கு தமிழர்கள், மூன்று மலையாளிகள், ஒரு வங்காளி. கோல்கீப்பர் மட்டும் ஸ்காட்லாந்துக்காரர், யூஅன். இங்கே ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார்.

என் வீட்டுக்காரர் சீலன் லெஃப்ட் பேக், இடது ஓரத்துத் தடுப்பு. பதினொரு வருஷமாக அதே இடம். பார்வையாளர் ஷெட் ஒரே பக்கம்தான் இருக்கிறது. அதனால் ஒரு பாதி எனக்கு முன்னால் ஓடுவார். பாதி மாறியதும் எதிர்க்கோட்டோரம் போய்விடுவார். இன்று முதல் பாதி என் பக்கம். நன்றாகத்தான் ஆடினார். ஷூ லேஸ் கட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ரெஃப்ரி இரண்டு முறை விசில் ஊதிக் கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 8, புதன்

சந்தைக்குப் போக அவர் எழுதிக் கொடுத்த பட்டியலைப் படிக்கவே முடியவில்லை. முதல் வரி 'கொத்தமல்லி' என்று தெரிகிறது. கீழே போகப் போக எறும்பு ஊர்ந்த மாதிரி. கடைசி வரி என்னவென்று சந்தையிலிருந்து போன் போட்டுக் கேட்டேன். உருளைக்கிழங்காம்.

எனக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டது. கண்ணாடி மாற்றும் நேரம்தான்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மெரினா 1, ஜப்பான்காரர்கள் 0.

கோட்டுக்கு வெளியே போன பந்தை சீலன் இரண்டு கையாலும் எறிந்த த்ரோ இரண்டு கஜத்தில் விழுந்தது. அடுத்தது ஃபவுல் த்ரோ. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஆடிய காலத்தில் பத்மா என்று ஒருத்தி இருந்தாள். எங்கள் கடலூர் மாவட்ட அணியின் லெஃப்ட் பேக். அவள் த்ரோ போட்டால் கார்னர் அடித்த மாதிரி கோல் வாசலுக்கே போகும். அவளுக்குப் பயந்து எதிரணிக்காரிகள் பந்தை வெளியே அடிக்கவே யோசிப்பார்கள்.

ஈரோட்டில் மாநிலப் போட்டி. தொண்ணூற்று நாலு, டிசம்பர். அரையிறுதியில் என் முன்பல் ஒன்று ஆடிப்போய், வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டே முழு ஆட்டமும் ஆடினேன். சீலன் அன்று ராணிப்பேட்டையிலிருந்து ஏதோ தோல் கண்காட்சிக்காக வந்தவர். பொழுது போகாமல் மைதானத்துக்கு வந்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் ஐஸ் கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். "பல்லு இருக்கா?" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அடுத்த வருஷம் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் மகி பிறந்தாள். ஆடாதே என்று யாரும் சொல்லவில்லை. நான் ஆடிய பூட்ஸ் என்ன ஆயிற்று என்றும் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

விடிய விடிய மழை. ஆட்டம் ரத்து.

நான் மொட்டைமாடியில் நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துபோனது. வீடு முழுக்க நாற்றம். அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். "தீயற வாசன கூடவா தெரியல?" என்று கத்தினேன். விழித்தார். தோலை முகர்ந்தே எந்த ரசாயனம் கூடிப்போச்சு என்று சொல்கிறவர். பின் டூங் தொழிற்சாலையில் அவருடைய மூக்குக்காகத்தான் சம்பளம் என்று சிரிப்பார்கள்.

ஜலதோஷமாக இருக்கும்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

மெரினா 0, ஆங்கிலேயர்கள் 3.

மைதானத்து வாசலில் ஐஸ் காபி விற்கும் ஹன் அக்கா, கூட்டம் இல்லாதபோது என் பக்கத்தில் வந்து உட்காருவாள். என் வியட்நாமிய மொழி சந்தைக்குப் போதும், அரட்டைக்குப் போதாது. அவளும் எனக்காகச் சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பேசுவாள். இன்று சீலனைக் காட்டி, "உன் வீட்டுக்காரர் ஓடுகிறார். இடது கை தூங்குகிறது" என்றாள்.

நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று ஓடுகிற மாதிரி செய்து காட்டினாள். வலது கை முன்னும் பின்னும் வீசியது. இடது கை விலாவோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது.

காபியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒருவேளை தோள் வலியாக இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் தினமும் முப்பது கிலோமீட்டர் போய் வருகிறார். தோள் பிடிக்காமல் என்ன செய்யும்? வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்த்துவிட்டேன். எங்கே வலிக்குது என்று கேட்டால், எங்கேயும் இல்லை என்கிறார்.

செப்டம்பர் 2, ஞாயிறு

இந்த நாட்டின் தேசிய நாள். லீக் இல்லை. கடைக்குப் போனோம். தலையோடு மாட்டுகிற டி-ஷர்ட்டாக ஐந்து எடுத்துக்கொண்டார். "இந்த வெயிலுக்கு பட்டனெல்லாம் தொல்ல" என்றார். ஆபீசுக்கு இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் போகாத மனிதர்.

திரும்பும் வழியில் நாங்கள் முதலில் குடியிருந்த சந்து வழியாக வந்தோம். இரண்டாயிரத்து ஏழில் வந்தபோது எங்களுக்கு இந்த ஊரில் ஒரு ஆளைக்கூடத் தெரியாது. மகிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் பேச ஆளில்லாமல் தினமும் அழுதுகொண்டு வருவாள். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறு, பால் வாங்கப் போன சீலன் பத்தரைக்குத்தான் வந்தார். முழங்கால் வரை சேறு. கையில் பால் இல்லை. "கோதை, இங்க நம்மாளுங்க ஆடறாங்க. 'எடோ, பாஸ் குடு'ன்னு ஒருத்தன் கத்தினான், அப்படியே நின்னுட்டேன்" என்றார். கத்தியவர் ஜோஸுகுட்டி. இறால் தீவனம் விற்கிற கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அந்த ஒரு வாரத்தில் எங்களுக்கு ஊர் கிடைத்துவிட்டது. மகி மைதானத்தில் வளர்ந்தாள். இன்று கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படிக்கிறாள்.

அந்தச் சந்தில் எங்கள் பழைய வீட்டை இடித்து நகங்களுக்கு வண்ணம் பூசுகிற கடை வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

மெரினா 2, ஆப்பிரிக்க நண்பர்கள் 4.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். பிரயோஜனமில்லை. சீலனை முதல் பாதியில் ரைட் பேக்காகவும், இரண்டாம் பாதியில் லெஃப்ட் பேக்காகவும் ஆட வைத்திருக்கிறார் ஜோஸுகுட்டி. இரண்டு பாதியிலும் எதிர்க்கோட்டோரமே இருந்தார். வலது காலால் கோடுகூடக் கிழிக்கத் தெரியாதவரை ரைட் பேக்கில் போடுவது என்ன கணக்கோ. நான் ஆட்டக்காரியாக இருந்தவள், எனக்கே புரியவில்லை.

செப்டம்பர் 13, வியாழன்

லாங் ஆன் தொழிற்சாலைக்கு வேலையாகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே போனால் டிராகன் பழம் ஒரு பையாவது வரும். இன்று வெறுங்கை. "மறந்துட்டேன்" என்றார். ராத்திரி சாப்பாட்டுக்கு வத்தக்குழம்பு வைத்தேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். உப்பு போட மறந்திருந்தேன்.

செப்டம்பர் 16, ஞாயிறு

மெரினா 1, ஜெர்மானியர்கள் 1. மறுபடியும் எதிர்ப்பக்கம். இரண்டு பாதியும்.

செப்டம்பர் 23, ஞாயிறு

மெரினா 1, பிரெஞ்சுக்காரர்கள் 2.

இரண்டு கோலும் சீலன் பக்கத்திலிருந்துதான். முதலாவது, அவர் திரும்புவதற்குள் ஆள் தாண்டிப் போய்விட்டான். இரண்டாவது, பந்து காலுக்கே வந்தது. கால் வரவில்லை. அந்த தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. உத்தரவு போய்ச் சேருவதற்குத் தாமதமாகிற மாதிரி.

ஆட்டம் முடிந்து ஷெட்டுக்கு வரும்போது சௌமிக், அந்த வங்காளிப் பையன் (பையன் என்றாலும் நாற்பத்தொன்று), ஜோஸுகுட்டியிடம் இங்கிலீஷில் ஏதோ சீறினான். 'தாத்தா' என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது. சீலன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்காது.

ஜோஸுகுட்டியைத் தனியாக மடக்கினேன்.

"அவர எதுக்கு அந்தப் பக்கமே போடறீங்க? ரைட் பேக்கா அவரு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கார்னர் கொடிகளைச் சுருட்டிக்கொண்டே, "ஞான் போடலை சேச்சி. சீலேட்டன் தானே கேட்டது. 'ரெண்டு பாதியும் ஷெட்டுக்கு தூரமா போடு'ன்னு. எந்தினான்னு கேட்டேன். வெயில்னு பறஞ்சு" என்றார்.

ஷெட்டுப் பக்கம்தான் நிழல்.

செப்டம்பர் 27, வியாழன்

துணி துவைத்தேன். ஃபேன் துடைத்தேன். அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, ஞாயிறு

இன்று நம் அணிக்கு ஆட்டமில்லை. இருந்தும் மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போனோம். திரும்பும்போது பாதி வழியில் மழை கொட்டியது. மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தி, நூறு பேரோடு நாங்களும் மழைக்கோட்டை எடுத்தோம். எல்லோரும் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு மட்டும் இடது கை உள்ளே நுழையவில்லை. நான் பிடித்து நுழைத்துவிட்டேன். மகிக்குப் பள்ளிக்கூட ஸ்வெட்டர் மாட்டிவிட்ட மாதிரி. கையை விடாமல் கேட்டேன்.

"எத்தன நாளா?"

"என்னது?"

"என்னங்க, வேணாம். எத்தன நாளா?"

மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டர் ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கும்கிறாரு. எனக்குத் தெரிஞ்சி ஆறு மாசம்."

"என்ன டாக்டர்?"

"நரம்பு டாக்டர். பதிமூணாந்தேதி போனேன். பார்க்கின்சன்னு சொன்னாரு. மாத்திர குடுத்திருக்காரு. பூட்ஸ் பையிலதான் வச்சிருக்கேன்."

அந்தப் பையைப் பதினொரு வருஷமாக நான்தான் துவைக்கிறேன். கடந்த இரண்டு வாரமாக அவரே துவைத்துக்கொண்டார். அதைக்கூட நல்ல மாற்றம் என்று நினைத்து மகியிடம் சொல்லியிருந்தேன்.

"ஊருக்கே தெரிய ஆடுறீங்க. என் கண்ணுல படக்கூடாதுன்னு எதிர்க்கோட்டுக்கு ஓடிட்டீங்க."

"ஊருக்கு என்ன தெரியும்? கிழவன் தளந்துட்டான்னு நெனப்பாங்க. நீ அப்படியா? நீ ஆட்டக்காரி கோதை. அன்னிக்கு காபியக் கீழ வச்சிட்டு என் கையவே பாத்த பாரு, அங்கேயிருந்து எனக்குத் தெரிஞ்சிது. அதுக்கப்புறம் உன் முன்னால ஓட பயமா இருந்துச்சி."

"என்ன பயம்?"

"எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அது வெறும் வியாதி. உனக்குத் தெரிஞ்சிட்டா வீட்டுக்குள்ள வந்துடும்."

எனக்கு வந்த கோபத்தில் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். மழைக்கோட்டின் மேல் பட்டதால் பெரிய சத்தம். பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "பதிமூணாந்தேதிலேருந்து பதினேழு நாளு" என்றேன். "பதினேழு நாளு தனியா வச்சிருந்திருக்கீங்க."

வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். இடது கை லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஆனால் எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேம்பாலத்துக்கு அடியில்தான் என்று சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 3, புதன்

இரண்டு பேருமாக டாக்டரிடம் போனோம். மோப்பம் போனது, கையெழுத்து சிறுத்தது எல்லாமே இதனால்தானாம். மெதுவாகத்தான் முற்றுமாம். உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். "கால்பந்து ஆடலாமா?" என்று நான்தான் கேட்டேன். விழாமல் பார்த்துக்கொண்டால் நல்லதுதான் என்றார். ஆனால் மோதி ஆடுகிற லீக் ஆட்டம் இந்த சீசனோடு போதும் என்றும் சொன்னார்.

அக்டோபர் 7, ஞாயிறு

மெரினா 2, ஜப்பான்காரர்கள் 2. சீலன் ஆடவில்லை. ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. அரை மணி நேரத்துக்குள் ரெஃப்ரியை நான்கு முறை திட்டினார். பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க லாயக்கில்லாத மனிதர்.

அக்டோபர் 14, ஞாயிறு

கடைசி ஆட்டம். மெரினா 1, கொரியர்கள் 3.

விசிலுக்குப் பத்து நிமிஷம் முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு அவரே சொன்னார். முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில். இது வியாதி, இதுதான் பேர், இன்றோடு லீக் ஆட்டம் முடித்துக்கொள்கிறேன் என்று. ஜோஸுகுட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் யூஅன்தான் கேட்டார், இன்று உன்னால் எதெல்லாம் முடியும், எதெல்லாம் முடியாது, சொல்லு என்று. சீலன் யோசித்து, "த்ரோ போட முடியாது. சட்டுனு இடது பக்கம் திரும்ப முடியாது. மத்ததெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். சரி என்றார் யூஅன். அவ்வளவுதான்.

"சீலேட்டா, எந்தப் பக்கம்?" என்று ஜோஸுகுட்டி கேட்டார்.

"ரெண்டு பாதியும் ஷெட்டுப் பக்கம்."

எனக்குப் பத்தடி முன்னால் ஆடினார். எல்லாவற்றையும் பார்த்தேன். தூங்குகிற கையைப் பார்த்தேன். இடது பூட்ஸின் முனை புல்லை உரசிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கொரிய விங்கர் இரண்டு முறை அவரைத் தூண் மாதிரி நிற்க வைத்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை அவன் பந்தைத் தள்ளுவதற்கு முன்பே, எங்கே தள்ளுவான் என்று தெரிந்து, மெதுவாக நடந்துபோய் அந்த இடத்தில் நின்றார். பந்து தானாக வந்து காலில் பட்டது. நான் எழுந்துவிட்டேன்.

"நடுவுல குடுங்க! நடுவுல! ஆள் ஃப்ரீயா நிக்குது!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஹன் அக்கா காபிக் குவளையோடு திரும்பிப் பார்த்தாள். அவர் என் பேச்சைக் கேட்காமல் ஓரத்தில் தள்ளிக் கொரியனிடமே கொடுத்தார். "கண்ணு எங்க வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். ஒரு கைதான் விரிந்தது.

ஒன்றை மட்டும் எழுதியாக வேண்டும். நம் பக்கம் பந்து வெளியே போகும்போதெல்லாம் த்ரோ போட எதிர்க்கோட்டிலிருந்து சௌமிக் ஓடி வந்தான். நாற்பது கஜம். பக்கத்திலேயே நம் ஆட்கள் இருந்தார்கள். போட்டுவிட்டுத் திரும்ப ஓடினான். எண்ணினேன், பதினான்கு தடவை. கடைசியில் நாக்குத் தள்ளிவிட்டது அவனுக்கு. சீலனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 17, புதன்

மகியிடம் வீடியோவில் சொன்னோம். அழுதாள். அப்பாவும் அழுதார். நான் அடுப்படிக்குப் போய்க் குக்கரைப் பார்த்துவிட்டு வந்தேன். படிப்பை முடித்துவிட்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்றாள். "நீ வேலைக்குப் போற வழியப் பாரு, உங்கம்மா மைதானத்துல போட்ட கூச்சல் கோயம்புத்தூர் வரைக்கும் கேட்டிருக்குமே" என்றார் அவர். அழுகையோடு சிரித்துவிட்டாள்.

தொழிற்சாலையில் அடுத்த மாதம் சொல்லப்போகிறார். மூக்கு போய்விட்டது என்று சொல்வதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. அதன்பிறகு இங்கே இருப்பதா, கடலூருக்குப் போவதா என்பதை மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

அக்டோபர் 21, ஞாயிறு

சீசன் முடிந்தது. ஆட்டமில்லை. இருந்தும் ஐந்தரைக்கே இருவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. படுத்துக்கொண்டே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "போலாமா?" என்றார்.

மைதானத்தில் ஈ காக்கை இல்லை. ஹன் அக்காவும் வரவில்லை. கேட் திறந்துதான் கிடந்தது. நான் நடைக்குப் போடுகிற கேன்வாஸ் ஷூவோடு இறங்கினேன். முதலில் சும்மா தட்டிக் கொடுத்துக்கொண்டோம். இருபத்து மூன்று வருஷம் கழித்துப் பந்து உள்ளங்காலுக்கு அடியில் உருண்டபோது, ஈரோட்டுப் புழுதி வாசனை எங்கிருந்தோ வந்தது. மூச்சு வாங்கியது. வயிறு குலுங்கியது. யாரும் பார்க்கவில்லை, அதனால் பரவாயில்லை.

"மெதுவா அடி" என்றார்.

"மாட்டேன்."

"என்னத் தாண்டிப் போ பாக்கலாம்" என்று கோல் வாசலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

போனேன். முதல் தடவை வலது பக்கமாக, சுலபமாக. இரண்டாம் தடவை அவருடைய இடது பக்கம், திரும்பக்கூட முடியவில்லை அவரால். மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு தடவையும் கோலுக்குள் அடித்துவிட்டு நானே போய் எடுத்து வந்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. போதும் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறாவது தடவை மறுபடி அவருடைய இடது பக்கம் போனேன். வலது பக்கம் அகலமாகத் திறந்துதான் கிடந்தது. நான் அங்கே போகவில்லை. பந்து என் காலைவிட்டு அரையடி முன்னே போயிற்று. அவருடைய இடது கால் வந்தது. தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. பந்தைச் சுத்தமாக என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டடி தள்ளாடி, நின்றுவிட்டார்.

விழவில்லை.

"விட்டுக் குடுத்தியா?" என்றார்.

"இல்ல."

வண்டியில் வரும்போது பின்னாலிருந்து மறுபடி கேட்டார். வீட்டுக்கு வந்து பூட்ஸ் கழற்றும்போது இன்னொரு முறை கேட்டார். "உண்மையச் சொல்லு கோதை. விட்டுக் குடுத்தியா?"

மூன்று முறையும் ஒரே பதில்தான் சொன்னேன். இங்கேயும் அதையே எழுதி வைக்கிறேன்.